முன்வெளியீட்டு இயங்குதளமும் இருபத்தொரு நேர்காணல்களும்

புதிய விண்டோஸின் பரீட்சார்த்தப் பதிப்பைத் தமது மடிக்கணினியில் நிறுவிப் பார்க்கலாமா என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் தம்பி ஒருவர் சென்ற வாரம் கேட்டிருந்தார். ஆம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் பதில் எழுதியிருக்கலாம். எழுத மனம் வரவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே காரியத்தில் இறங்கி நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. அது எனது அவசரத்தின் கதைதான். எனினும் தமிழ் எழுத்துக் கணினிக்குள் புகுந்த வரலாற்றின் ஒரு துண்டும் அதற்குள் அகப்பட்டுக் கிடக்கிறது.

முதலில், அன்று என் கணினிக்குள் என்ன இருந்தது என்று சொல்லவேண்டும். 1997 முதல் 1999 வரை, செய்தி சேகரிப்புக்கு இடைப்பட்ட நாள்களில், கலஹா, தெல்தோட்டை, புசல்லாவ ஆகிய பகுதிகளின் தோட்டங்களுக்குச் சென்று வயது முதிர்ந்த தொழிலாளர்களைப் பேசவைத்துப் பதிவு செய்து வந்தேன். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதரை எண்களாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் அக்கரைக்கும் தங்கை இக்கரைக்கும் ஆனமை பற்றி எவரும் பெரிதாக எழுதியிருக்கவில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் சென்ற கப்பல் 1984இல் நின்றுபோனது. வழியனுப்பிவிட்டுத் திரும்பியவர்களின் வாய்மொழியைச் சேர்த்துவைக்கவேண்டும் என்பதே என் நோக்கம். இருபத்தொரு நேர்காணல்கள் சேர்ந்தன. ஒலிநாடாக்களைக் கேட்டு எழுதித் தட்டச்சு செய்து முடித்ததும், அந்த நாடாக்களிலேயே வேறு பேட்டிகளைப் பதிந்துவிட்டேன். நாடா வாங்கக் காசு கணக்குப் பார்த்த காலம் அது.

தட்டச்சு செய்த மென்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழுக்கு 1991இலேயே யூனிகோட் அட்டவணையில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் கண்டியில் நாங்கள் பயன்படுத்திய கணினிகள் எதுவும் அதனை அறியா. அன்றைய தமிழ், ஆங்கில எழுத்துக்குப் போட்ட வேடம். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் கோலோச்சிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுத ஆங்கிலத்தின் ஜே, கே, பீ, ஓ, அதன்பின் அரைப்புள்ளி என்று தட்டவேண்டும். கோப்புக்குள் இருப்பதும் அந்த ஆங்கில எழுத்துகள்தாம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும். பாமினியாவது ஊரறிந்த இரகசியம். சில மென்பொருள்கள் தமக்கென்று தனிக் குறியேற்றமும் தனிக் கோப்பு வடிவமும் வைத்திருந்தன. நான் கடன்பட்டு வாங்கியது அவ்வாறான ஒன்று. களவாகப் பிரதி எடுப்பதைத் தடுப்பதற்காகக் கணினியின் பின்புறம், அச்சுப்பொறியின் வடம் செருகும் துவாரத்தில் பெருவிரல் அளவான ஒரு பூட்டைச் செருகவேண்டும். கடைக்காரர்கள் அதனை டொங்கிள் என்பார்கள். பூட்டு இல்லையேல் மென்பொருள் வாய் திறக்காது.

2000 பெப்ரவரி 17இல் வெளியான விண்டோஸ் 2000, தமிழை இயங்குதள மட்டத்திலேயே புரிந்துகொண்ட முதலாவது விண்டோஸ். லதா என்ற எழுத்துருவும் அதனுடன் வந்தது. உடன் வந்த விசைப்பலகையோ இந்திய அரசின் இன்ஸ்கிரிப்ட் முறை. நம் நாட்டில் தட்டச்சுப்பொறியில் பழகிய விரல்களுக்கு அது அந்நியம். முரசு அஞ்சல், இ-கலப்பை போன்றவை வந்து அந்த இடைவெளியை நிரப்பின. ஆகவே 2006இல் ஒரு சராசரித் தமிழ்ப் பத்திரிகையாளனின் கணினி எவ்வாறிருந்தது என்றால், அடியில் விண்டோஸ் எக்ஸ்பி, அதன்மேல் ஒரு விசைப்பலகை நிரல், அருகில் பாமினி, மூலையில் டொங்கிளுடன் ஒரு பழைய பதிப்பு மென்பொருள். சீட்டுக்கட்டு வீடு போல ஒன்றின்மேல் ஒன்று நின்றது.

இந்த நிலையில்தான் விஸ்டா வந்தது. ஐந்தாண்டுக் காலம் இழுபட்டு, 2004இல் பாதி வழியில் திரும்பி வந்து மீண்டும் தொடங்கப்பட்ட திட்டம் அது. அதன் இரண்டாவது பீட்டா 2006 ஜூன் மாதத்தில் விரும்பிய எவரும் தரவிறக்கலாம் என்று திறந்துவிடப்பட்டது. மூன்று கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு. எனது தொலைபேசி இணைப்பு விநாடிக்கு ஐந்து கிலோபைட் தந்தால் பெரிய காரியம். கணக்குப் பார்த்தேன், இரவு பகலாக ஏழு நாள்களுக்கு மேல் வேண்டும். தொலைபேசிக் கட்டணத்தை நினைத்து அந்த எண்ணத்தைக் கைவிட்டிருந்தேன். எசல பெரஹெரா நடந்துகொண்டிருந்த நாள்களில், கொழும்பில் வேலை பார்த்த மருமகன் ஒரு டிவிடியைக் கொண்டுவந்து, "மாமா, உங்களுக்குத்தான் புதுசெண்டா ஆசையே" என்று கையில் வைத்தான்.

கொட்டுகொடல்ல வீதியில் நான் வழக்கமாகச் செல்லும் கணினித் திருத்தகத்தில் ஓர் அக்குறணை இளைஞர் இருந்தார். நினைவகத்தைக் கூட்டுவதற்காக அவரிடம் சென்றபோது விடயத்தைச் சொன்னேன். "சேர், இது முடிஞ்ச சாமான் இல்ல. வேற வன்தட்டு ஒண்டு போட்டுப் பாருங்க. வேலை செய்யிறதுல கை வைக்காதீங்க" என்றார். இன்னொரு வன்தட்டின் விலையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டியபடி வந்துவிட்டேன். கோப்புகள் அனைத்தையும் இறுவட்டுகளில் பிரதி எடுத்தாயிற்று, இனி என்ன பயம் என்பது என் தர்க்கம். பரீட்சார்த்தப் பதிப்பைப் பிரதான கணினியில் நிறுவவேண்டாம் என்றும், அது 2007இல் காலாவதியாகும் என்றும் நிறுவனமே எச்சரித்திருந்தது. ஆக, நடந்ததற்குப் பொறுப்பாளி நானே.

முதல் இரண்டு நாள்களும் குறை சொல்வதற்கில்லை. திரையில் தமிழ் துலக்கமாக இருந்தது. சிங்களமும் முதன்முறையாக இயங்குதளத்துடனேயே சேர்ந்து வந்திருந்தது. எக்ஸ்பியில் அதற்கெனத் தனித் தொகுப்பைத் தேடிப் பிடித்து நிறுவவேண்டியிருந்ததை நினைத்து மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் ஒரு பக்கம் அச்சிடவேண்டி வந்தது. அச்சுப்பொறி அசையவில்லை. ஸ்கேனர் இருப்பதையே கணினி அறியவில்லை. நேர்காணல்களைத் திறக்கப் போனால் 'பூட்டைக் காணவில்லை' என்றது பழைய மென்பொருள். பூட்டோ செருகியபடியே இருந்தது.

இயக்கி நிரல், அதாவது டிரைவர் என்பது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்டிக்காரனுக்கு அதனை விளங்கவைக்க ஜோன் டொய்லியைச் சொன்னால் போதும். 1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்கு முன்னரும் பின்னரும் ஆங்கிலேயருக்கும் கண்டிப் பிரதானிகளுக்கும் இடையில் நின்றவர் அந்த மொழிபெயர்ப்பாளர். அச்சுப்பொறிக்கும் இயங்குதளத்துக்கும் இடையில் நிற்கும் துபாஷியே இயக்கி. அரசு மாறும்போது பழைய துபாஷிக்குப் புதிய அரசனின் மொழி தெரியாவிட்டால், பிரதானி எவ்வளவு விசுவாசமானவராக இருந்தும் பயனில்லை. விஸ்டாவில் மாறியவை பல. இயங்குதளத்தின் கருவுக்குள் புகுந்து இயங்கும் பழைய பாணி அச்சுப்பொறி இயக்கிகளை அது முற்றாக மறுத்தது. திரைக் காட்சிக்கான இயக்கி முறை புதிதாக எழுதப்பட்டது. 64 பிட் பதிப்பிலோ, கருவுக்குள் நுழையும் எந்த இயக்கிக்கும் மின்னொப்பம் கட்டாயமாயிற்று. பாதுகாப்பு நோக்கில் இவற்றில் பெரும்பாலானவை நியாயமான மாற்றங்கள் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். புதிய இயக்கியை எழுதவேண்டியவர் கருவியைச் செய்தவர். எனது ஸ்கேனரைச் செய்தவர்கள் அந்த மாதிரிக்குப் புதிய இயக்கி வராது என்று தமது தளத்தில் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். டொங்கிளுடன் மென்பொருளை விற்ற நிறுவனமோ அதற்குள் கடையைக் கட்டியிருந்தது.

இது கண்டியில் இருந்த ஏழைப் பத்திரிகையாளனுக்கு மட்டும் நேர்ந்தது என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். 2008 பெப்ரவரியில், 'விஸ்டாவுக்கு ஏற்றது' என்று ஒட்டி விற்கப்பட்ட கணினிகள் தொடர்பாகச் சியாட்டில் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், மைக்ரோசொப்டின் உள்ளகக் கடிதங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அந்த நிறுவனத்தின் முன்னாள் தலைவரும் பணிப்பாளர் சபை உறுப்பினருமான ஜோன் ஷெர்லி, தமது அச்சுப்பொறிக்கும் ஸ்கேனருக்கும் படச்சுருள் ஸ்கேனருக்கும் இயக்கிகள் இல்லையென்பதால் வீட்டிலுள்ள ஒரு கணினியை விஸ்டாவுக்கு மாற்றமுடியவில்லை என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு ஒருவகை ஆறுதல் ஏற்பட்டது என்பதை மறைப்பானேன்? அதற்கான காரணத்தை ஸ்டீவன் சினொவ்ஸ்கி எழுதியிருந்தார். விஸ்டா உண்மையிலேயே வெளிவரும் என்று வன்பொருள் நிறுவனங்கள் நம்பாமல் 2006இன் பிற்பகுதி வரை வேலையைத் தொடங்காமல் இருந்தன என்பது அவரது கருத்து. அதே வழக்கில் வெளியான ஆவணமொன்றின்படி, 2007இல் பதிவான விஸ்டா முறிவுகளில் முப்பது சதவீதத்தை நெருங்கிய பங்கு என்விடியாவின் இயக்கிகளால் நேர்ந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. விண்டோஸ் 95 உருவாகிக்கொண்டிருந்தபோது, அதன் அபிவிருத்தி முகாமையாளர் அருகிலிருந்த மென்பொருள் கடைக்கு வண்டியை ஓட்டிச்சென்று, அங்கிருந்த கணினி நிரல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வாங்கிவந்தார் என்று, அங்கே நெடுங்காலம் பணியாற்றிய ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். வாங்கிவந்தவை ஊழியர்களிடையே பங்கிடப்பட்டன. தத்தமக்குக் கிடைத்த நிரல் புதிய இயங்குதளத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பது அவரவர் பொறுப்பு. சிம்சிட்டி என்ற விளையாட்டு நினைவகத்தைத் தவறாகக் கையாண்டபோது, அந்த ஒரு விளையாட்டு முறியாமல் ஓடுவதற்காகவே இயங்குதளத்துக்குள் விசேட ஏற்பாடு செய்யப்பட்டதாகவும் ஒரு செய்தி உண்டு.

நான் இந்தக் கதையை வியந்து படித்துவிட்டு, பின்னர் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். அந்தக் கடையின் அலுமாரியில் கொழும்பிலோ சென்னையிலோ எழுதப்பட்ட ஒரு தமிழ் மென்பொருளாவது இருந்திருக்குமா? இருந்திருக்க வழியில்லை. ஆங்கிலத்தில் எழுதும் ஒருவருக்காக, அவர் அறியாமலேயே, முன்வெளியீட்டுக் காலத்தில் ஆயிரம் பேர் பரீட்சித்துப் பார்த்துவிடுகிறார்கள். நமது பாமினியையும் டொங்கிளையும் விசைப்பலகை நிரலையும் பரீட்சிப்பதற்கு நம்மைத் தவிர ஆளில்லை. நாமோ இயங்குதளம் விற்பனைக்கு வந்து, பழைய கணினி பழுதாகி, புதியதை வாங்கிவந்த பிறகே விழித்துக்கொள்கிறோம். பரீட்சார்த்தப் பதிப்பு என்பது எந்தக் கோப்பு, எந்தக் கருவி அக்கரை சேராது என்று முற்கூட்டியே காட்டித்தரும் ஒரு வாய்ப்பு. நானும் அந்த வாய்ப்பைப் பெற்றேன், படகைக் கொளுத்திவிட்டு ஆற்றில் இறங்கியவனாக.

எக்ஸ்பியை மீண்டும் நிறுவினால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். நிறுவினேன். அச்சுப்பொறியும் ஸ்கேனரும் உயிர் பெற்றன. பூட்டு பெறவில்லை. அதன் இயக்கி இருந்த ப்ளொப்பியைத் தேடியெடுத்தால், கண்டிக் குளிரில் ஏழெட்டு மழைக்காலங்களைக் கண்ட அந்தத் தகட்டில் வெண்ணிறமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கோப்புகள் அத்தனையும் இறுவட்டில் பத்திரமாக இருக்க, ஓர் எழுத்தைக்கூடப் படிக்க இயலாத நிலை. அன்றிரவு உறக்கம் வரவில்லை. பேசியவர்களிற் பலர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

வழி காட்டியவர் அதே திருத்தக இளைஞரே. "நான் சொன்னேனே சேர்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை; அந்தப் பண்பை இன்றும் நினைக்கிறேன். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஓர் அச்சகத்தில் அதே மென்பொருள் இன்னும் விண்டோஸ் 98 கணினி ஒன்றில் ஓடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கலியாணக் காட்டுகளும் கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்களும் அடிக்கும் சிறிய அச்சகம். முதலாளி, வேலை முடிந்தபின் மாலை வேளைகளில் வந்து பார்க்கும்படி இடம் தந்தார். முதல் கோப்பு திரையில் தமிழாக விரிந்தபோது, அங்கிருந்த வயதான ஒப்புநோக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோளுக்கு மேலாக வாசிக்கத் தொடங்கினார். சற்றுப் பொறுத்து, "இது எங்கட தெல்தோட்டைக் கதையல்லோ ஐயா" என்றார். அவருடைய பெரியப்பா குடும்பமும் கோத்தகிரிக்குப் போனதாம்.

திறப்பது பாதி வேலை. அந்தத் தமிழை மென்பொருளின் சிறையிலிருந்து வெளியே எடுப்பது மற்றப் பாதி. வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் குறியீடுகள் மட்டும் வெளிவரும். எந்தக் குறி எந்தத் தமிழ் எழுத்து என்று நானும் ஒப்புநோக்குநரும் ஒரு கொப்பியில் அட்டவணை எழுதினோம். பிறகு வேர்ட் நிரலில் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றவேண்டும். இதில் ஒழுங்கு முக்கியம். 'கொ' என்ற எழுத்து அங்கே ஒற்றைக்கொம்பு, ககரம், அரவு என மூன்று துண்டுகளாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடிலோ ககரம் முதலில், ஒகரக் குறி பிறகு. ஒற்றைக்கொம்பை முதலில் மாற்றிவிட்டால் கொகரமெல்லாம் உடைந்து சிதறும். ஆகவே மூன்று துண்டுச் சேர்க்கைகளை முதலிலும், இரண்டை அடுத்தும், தனி எழுத்துகளைக் கடைசியிலும் மாற்றினோம். முதல் நேர்காணலுக்கு நான்கு மாலைகள் சென்றன. பின்னர் கை பழகிவிட்டது.

பாமினியில் இருந்த எனது பத்திரிகைக் கட்டுரைகளுக்கு இணையத்தில் மாற்றிகள் கிடைத்தமையால் அவ்வளவு துன்பமில்லை. அதிலும் ஒரு வேடிக்கை. இடையிடையே ஆங்கில எழுத்திலேயே எழுதியிருந்த சொற்களையும் மாற்றி தமிழென்றே எண்ணிவிடும். 'எஸ்டேட்' என்று ஆங்கிலத்தில் இருந்த இடமெல்லாம் 'நளவயவந' என்றாயிற்று. 'கண்டி'யின் ஆங்கிலப் பெயர் 'முயனெல' ஆயிற்று. இப்படி ஓர் ஊர் நுவரெலியாவுக்கு அப்பால் இருக்கிறதோ என்று ஒரு கணம் மயங்கினேன்.

2008இல் தமிழுக்கான இலங்கைத் தரநியமம், 1326 என்ற இலக்கத்துடன், யூனிகோடையும் ரெங்கநாதன் விசைப்பலகையையும் ஏற்று வெளிவந்தது. அதற்குப் பிந்தி எழுதப்பட்டவற்றுக்கு இந்த இக்கட்டு பெரிதாக இல்லை. என்றாலும் முற்றாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் விண்டோஸ் தமிழின் முகமாக இருந்த லதா, விண்டோஸ் 10இல் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளும் உபரி எழுத்துருவாகிவிட்டது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே இல்லையாதலால் 16 பிட் காலத்து நிரல்கள் அங்கே ஓடா. 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவடைந்ததுடன், இன்னும் எத்தனை அச்சகங்களின் மூலைக் கணினிகள் தூக்கி வீசப்படுமோ தெரியாது. அவற்றுள் பூட்டப்பட்டுக் கிடப்பவை எவருடைய வார்த்தைகளோ.

தம்பிக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: நிறுவிப் பாரும், ஆனால் தனி வன்தட்டில், அல்லது கணினிக்குள் கணினி போலச் செயற்படும் மெய்நிகர் பொறியில். நிறுவியதும் புதிய அலங்காரங்களைப் பார்த்துக்கொண்டிராமல், உம்மிடமுள்ள மிகப் பழைய தமிழ்க் கோப்பைத் திறந்து பாரும். மிகப் பழைய கருவியைச் செருகிப் பாரும். பிழை கண்டால் பரீட்சார்த்தக் காலம் முடியுமுன் நிறுவனத்துக்கு எழுதும். நம் எழுத்தில் வரும் பிழையை வேறொருவர் கண்டுபிடித்து எழுதுவார் என்று காத்திருக்கவேண்டாம்.

இருபத்தொன்றில் இருபது நேர்காணல்கள் மீண்டன. எஞ்சிய ஒன்று இருந்த இறுவட்டின் விளிம்பு பழுதாகி, எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. தெல்தோட்டைக்கு அண்மையில், ஐந்து பிள்ளைகளின் தாயான ஒரு மூதாட்டி பேசியது அது. தலைமன்னார்த் துறையில் தம்பியை வழியனுப்பிய நாளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். மறுபடி போய்க் கேட்கலாமென்று 2007 தைப்பொங்கலுக்குப் பிறகு சென்றேன். முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார் என்று மகள் சொன்னார். எனது குறிப்புப் புத்தகத்தில் அந்த நாளுக்கு இருப்பது நான்கு வரிகள்: தோட்டத்தின் பெயர், அவருடைய பெயர், தம்பிக்குக் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலம், கப்பல் புறப்பட்ட நேரம்.